தொட்டியை "சைக்கிள்" பண்ணுவதற்குத் தமிழில் என்ன?

ச., ஸ்கார்பரோ. திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இந்தச் சனி என் வீட்டு நிலவறைக்கு வருகிறார்கள். அங்கே 150 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று பவளத்துக்காகத் தயாராகிறது. நாலு பக்கக் கையேடு எழுதிவிட்டேன், வியாழன் மாலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

புதுத் தொட்டியில் கல்லும் மணலும் உப்புநீரும் போட்டு, மீன் விடாமல் நாலு தொடக்கம் ஆறு கிழமை வரை ஓடவிடுகிறோமே, அதைத்தான் ஆங்கிலத்தில் "சைக்கிளிங்" என்கிறார்கள். அமோனியா மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைத்திரைற்று (nitrite) ஆக்கும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று (nitrate) ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லில் குடியேறும் வரை காத்திருக்க வேண்டும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா ஊற்றி, அதுவும் அதிலிருந்து வரும் நைத்திரைற்றும் 24 மணிநேரத்துக்குள் காணாமல் போனால் தொட்டி தயார். வகுப்பில் "சைக்கிளிங்" என்றே சொன்னேன். "மீன் சைக்கிள் ஓடுமோ ரீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அதோடு வகுப்பு முடிந்தது.

இந்தக் காத்திருப்பை நான் சும்மா வலியுறுத்தவில்லை. மூன்று வருசத்துக்கு முன் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலாம் நாளே இரண்டு கோமாளி மீன் விட்டேன். ஆறாம் நாள் காலை ஒன்று பம்புக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது. அமோனியாச் சோதனைக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சை. மற்றது மத்தியானம் வரை தாங்கியது.

ந.க., கோவை. செவ்வாய் காலை

அன்புள்ள ச. அம்மாவுக்கு. "நைட்ரஜன் சுழற்சி" என்று எங்கள் பாடநூலிலும் "நைதரசன் வட்டம்" என்று உங்கள் பாடநூலிலும் உண்டு. இரண்டும் வேண்டாம். எந்த உழவரைக் கேட்டாலும் நைட்ரஜனைத் தழைச்சத்து என்பார். ஆனால் கடலில் தழை ஏது? ஆகவே அதையும் விட்டுவிடுவோம்.

நிகழ்வதைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் சிறிதளவு உள்ளே போகிறது, பெருகி முழுவதையும் மாற்றுகிறது. நம் அடுப்படியில் இதற்குச் சொல் இருக்கிறது. நாங்கள் பிரை ஊற்றுவது என்போம், மற்ற ஊர்களில் உறை ஊற்றுவது. புறநானூறு 276ஐ எடுத்துப் பாருங்கள். ஆய்மகள் நகத்தால் தெறித்த துளி உறை ஒரு குடம் பாலையே மாற்றுவதுபோல, கிழவியின் மகன் ஒருவனே பகைப்படை முழுவதையும் கலக்கிவிட்டான். "குடப்பால் சில்லுறை." நுண்ணுயிரியலுக்கு இதைவிடச் சுருக்கமான உவமை உண்டா? எனவே "தொட்டிக்கு உறையிடல்".

வேரைப் பற்றிய என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். உறு என்றால் சேர், பொருந்து. சேர்ந்தது தங்கும், ஆகவே உறைதல். தங்குமிடம் உறையுள். வாள் தங்குவது உறை. பால் தன் ஓட்டத்தை விட்டுத் தங்கினால் உறைந்தது. சோழன் தங்கியது உறையூர். பாக்டீரியா கல்லில் தங்குவதும் உறைதலே. ஒரே வேர், ஐந்து பொருள்.

மு., சிங்கப்பூர். செவ்வாய்

ஐயா, உறையூர் வரை போய்விட்டீர்கள், அவர் ஸ்கார்பரோவில் நிற்கிறார் :)

எட்டு வருடமாகத் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம். முதலாவது, "சுழற்சி" என்பது ஆங்கிலத்திலேயே அரைப்பொய். நைட்ரேட்டோடு வண்டி நின்றுவிடுகிறது. கல்லின் உட்புறத்தில் உயிர்வளி இல்லாத இடுக்குகளில் கொஞ்சம் வாயுவாக வெளியேறும், பாசி கொஞ்சம் தின்னும், மீதியை நாம்தான் வாளியில் அள்ளிக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். வட்டம் மூடுவதே இல்லை.

இரண்டாவது, உறை ஊற்றுவது ஒரு நொடி வேலை. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றுவதோ, ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போடுவதோ, அதுதான் உறை. அப்புறம் வரும் ஆறு வாரத்துக்கும் அதே பெயரா? தயிர் ஒரு ராத்திரியில் தோய்ந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதில் சோம்பேறிகள்.

ச., ஸ்கார்பரோ. செவ்வாய் இரவு

ந.க. ஐயா, உவமையை வாசித்து உடம்பு சிலிர்த்தது. ஆனால் இங்கே வெளியில் இப்போது மைனஸ் 12. "தொட்டி உறைந்தது" என்று எழுதினால் பிள்ளைகள் ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். என் அம்மாவுக்குக்கூட உறை என்றால் முதலில் தயிர், அடுத்தது பனி. பிள்ளைகளுக்குப் பனி மட்டும்தான்.

தா., தூத்துக்குடி. புதன் காலை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புதுத் தோசைக்கல் வாங்கினால் அம்மா அதில் உடனே தோசை ஊற்ற மாட்டார். எண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு எடுப்பார். மண்சட்டி என்றால் கஞ்சித் தண்ணி ஊற்றி வைப்பார். கேட்டால் "பழக்குறேன்" என்பார். பழகாத கல்லில் தோசை ஒட்டும், பழகாத தொட்டியில் மீன் சாகும். "தொட்டி பழக்குதல்". எந்த ஊரில் சொன்னாலும் புரியும்.

இன்னொன்று. கையேட்டில் "உயிர்ப்பாறை" (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்கல்) பற்றி எழுதுவதாக இருந்தால், கடலுக்குப் போய் எடுக்கலாம் என்ற எண்ணம் வராதபடி எழுதுங்கள், விடுமுறைக்கு இங்கே வருகிற குடும்பங்களும் படிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. அப்புறம், எங்கள் ஆட்கள் கடலடிப் பாறையைப் "பார்" என்றுதான் சொல்வார்கள். "பவளப்பாறை" என்று பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன்.

ச., ஸ்கார்பரோ. புதன்

ஐயோ, அதுவும் இருக்கிறதா! நாங்கள் முருகைக்கல் என்போம். ஊரில் வேலிக்குப் பதிலாக அந்தக் கல்லால் கட்டிய மதில்கள் இருந்தன. கையேட்டில் பவளப்பாறை என்று எழுதி, ஓரத்தில் முருகைக்கல் என்றும் போட்டுவிடுகிறேன். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. என் தொட்டியில் இருப்பது கடையில் வாங்கிய காய்ந்த கல்தான், கடலில் எடுத்ததில்லை.

ந.க., கோவை. புதன்

தா. தம்பி சொன்னது இனிய சொல். ஆனால் குழப்பும். கடையிலிருந்து மீனைப் பையில் கொண்டுவந்து, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அதை ஏற்கச் செய்கிறீர்களே, அதுவும் பழக்குதல்தானே? ஒரே கையேட்டில் இரண்டு பழக்குதலா? தவிர, பழக்குதல் உயிருள்ளதற்கு உரியது. யானையைப் பழக்கலாம், கண்ணாடிப் பெட்டியை எப்படிப் பழக்குவது? பழ என்னும் அடி முதுமையையும் கனிவையும் குறிக்கும் என்பது என் ஊகம். பழம், பழைமை, பழுத்தல் எல்லாம் அங்கிருந்தே...

மு., சிங்கப்பூர். புதன்

ஐயா, பழத்தை விட்டுவிடலாம், நாளைக்கு அச்சு. தோசைக்கல்லுக்கு மட்டும் உயிர் இருக்கிறதா? செருப்பையும்தான் பழக்குகிறோம். இங்கே பார்த்தால் பழகுவது கண்ணாடியே இல்லை, கல்லில் இருக்கிற உயிர். சொல் தற்செயலாகச் சரியாகவே பொருந்துகிறது. மீன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு "இணக்குதல்" வைத்துக்கொள்ளலாம். மீனை நீருக்கு இணக்குகிறோம், தொட்டியைப் பழக்குகிறோம், பாக்டீரியாவை ஊற்றுவது உறை. மூன்றுக்கும் மூன்று சொல்.

உண்மையைச் சொன்னால் கடையில் நான் "சைக்கிள் ஆயிருச்சா?" என்றுதான் கேட்பேன்.

வே., மதுரை. புதன் இரவு

வேதியியல் ஆசிரியன். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மீன் இல்லாமல் தொட்டியைப் பழக்க என்ன ஊற்றுகிறீர்கள்? அம்மோனியம் குளோரைடா? அதற்குப் பெயர் நவச்சாரம். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் சூடான பாத்திரத்தில் தூவித் துணியால் தேய்ப்பாரே, வெள்ளைப் புகை மூக்கில் ஏறுமே, அதேதான். முடிவில் கிடைக்கும் நைட்ரேட்டின் உறவுக்காரர் வெடியுப்பு. இந்த இரண்டுக்கும் புதுச்சொல் தேடவே வேண்டாம். என் வாக்கு பழக்குதலுக்கு.

ச., ஸ்கார்பரோ. வியாழன் மதியம்

தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். பழக்குதல் ஐந்து, உறையிடல் இரண்டு, சுழற்சி இரண்டு. "சைக்கிளிங் என்றே எழுதுங்கள், பிள்ளைகள் எப்படியும் கூகுளில் அதைத்தானே தேடும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் ஒரே ஓர் இடத்தில் மேற்கோள் குறிக்குள் அதையும் போட்டிருக்கிறேன்.

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டி பழக்குதல், மீனை இணக்குதல், உறை ஊற்றுதல். நவச்சாரமும் உண்டு. சில்லுறை உவமையை இரண்டாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன், ஐயா கோவிக்கக் கூடாது.

இன்று 19ஆம் நாள். அமோனியா பூச்சியம், குழாய் நல்ல மஞ்சள். நைத்திரைற்றுக் குழாய்தான் இன்னும் ஊதா, அதாவது நைத்திரைற்று இன்னும் போகவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் பார்க்கப்போவது மீன் இல்லாத தொட்டியைத்தான்.

ந.க., கோவை. வெள்ளி காலை

அச்சானது ஆகட்டும். கோபம் இல்லை, பெட்டிச் செய்திக்கு நன்றி. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "தொட்டி பழகிவிட்டது" என்றால், எதற்குப் பழகியது என்று ஒரு குழந்தை கேட்கும். "தொட்டி தோய்ந்துவிட்டது" என்றால் அந்தக் கேள்வியே எழாது. ஆம், நேற்றிரவு யோசித்ததில் உறைதலைவிடத் தோய்தல் நன்றாகப் பொருந்துகிறது. பனிக் குழப்பமும் இல்லை. தோய் என்னும் வேரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.