வேண்டுதலுக்காகப் பியானோ வாசிக்கிறவர்களுக்கு

கிழக்கிலங்கையின் நான்கு ஊர்களிலிருந்து வந்த குறிப்புகள் இவை.

கல்லடியிலிருந்து:
கடவுளுக்காக வாசிக்கிறேன் என்கிற எண்ணம் கையில் தெரியவேண்டும். அது முதலில் தெரிவது சனத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதில்தான். பாட்டின் கடைசி அடியை, பாடப்போகிற அதே வேகத்தில் முன்னிசையாக வாசியுங்கள். முடித்து ஒரு தட்டுப் பொறுத்தால் எல்லாரும் மூச்சை இழுத்து ஒன்றாய்த் தொடங்குவார்கள். அடி முடியிற இடமெல்லாம் கையைக் கட்டையிலிருந்து எடுங்கள். எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் மூன்றாம் சரணத்தில் சனம் பின்னுக்கு நிற்கும். அப்போது சத்தத்தைக் கூட்டினால் வயதானவர்கள் பாடுவதையே விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய பிழை வேறில்லை.

காலைப் பூசைக்குத் தொண்டை திறந்திருக்காது. மெட்டின் உச்சம் நடு சி-க்கு அடுத்த மேல் சி, மிஞ்சினால் டி, அதற்கு மேலே போகாமல் சுருதி வையுங்கள். கீபோட்டில் டிரான்ஸ்போஸ் -2 வைத்தால் ஒரு முழுச் சுரம் இறங்கும். முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவராவிட்டால் அடுத்த பாட்டில் வயலின் வேறு சுருதியில் நிற்கும்.

கல்முனையிலிருந்து:
கீர்த்தனைக்கு வேறு கவனம் வேணும். பியானோவில் கமகம் வராது, சுரத்தை வளைக்க முடியாது. வளைவைப் பாடுகிறவரிடம் விட்டுவிட்டு இடது கையில் ச, ப இரண்டை மட்டும் பிடியுங்கள். சி-யை ஆதாரமாக வைத்த மோகன ராகத்தில் பழக்கத்தில் ஜி செவன் கோர்ட் (ஜி, பி, டி, எஃப் நான்கும் சேர்ந்தது) போட்டால், அந்த ராகத்தில் இல்லாத மத்தியமமும் (எஃப்) நிஷாதமும் (பி) உள்ளே வந்துவிடும். கூடப் பாடுகிறவர் அங்கேயே தடுமாறுவார்.

செபத்துக்கோ தியானத்துக்கோ தனியே வாசிக்க விரும்புகிற புதியவர்கள் கறுப்புக் கட்டைகளில் தொடங்கலாம். மூன்று கட்டைக் கூட்டத்தின் இடப்பக்க முதற் கட்டையை ச-வாக வையுங்கள். அந்த ஐந்து கறுப்புக் கட்டைகளும் அப்படியே மோகனம். அதற்கு வலப்பக்கம் வரும் இரண்டு கட்டைக் கூட்டத்தில் முதலாவது ப. இடது கை இந்த இரண்டில் நிற்க, வலது கை மற்றக் கறுப்புகளில் எப்படிப் போனாலும் ராகம் கெடாது. ஒரு சுரம் முழுதாய் அடங்கும்வரை அடுத்ததைத் தொடாமல் இருந்து பாருங்கள், மனம் தானாக வேகம் குறையும். செர்மானிய இசையமைப்பாளர் பாக் தன் கையெழுத்துப் படிகள் பலவற்றின் முடிவில் எஸ்.டி.ஜி. என்று எழுதிவைத்தார், இலத்தீனில் இறைவன் ஒருவனுக்கே மகிமை என்பதன் சுருக்கம். அலங்காரம் தேவையா என்று சந்தேகம் வருகிற இடத்தில் அந்த மூன்று எழுத்தை நினைத்தால் போதும்.

புளியந்தீவிலிருந்து:
மனம் இருந்தாலும் மாரியில் பியானோ ஒத்துழைக்காது. உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள், மொத்த இழுவிசை 18 தொன் அளவில். ஈரம் ஏறினால் ஒலிப்பலகை ஊதி, சுருதி மேலே போகும், அதுவும் நடுப்பகுதியில் கூடுதலாக. கட்டையின் கீழுள்ள கம்பளித் துணி பருத்து, அமத்தின கட்டை எழும்பாது. எண்ணெய் விடாதீர்கள், துணி அதைக் குடித்து இன்னும் இறுகும். வாவிப் பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். மாரி முடிந்து சில கிழமை பொறுத்தே சுருதி சேர்க்கக் கூப்பிடுங்கள். மழைக்குள் சேர்த்தால் கச்சான் காற்றுக்கு எல்லாம் இறங்கிவிடும்.

காரைதீவிலிருந்து:
கல்லடி அண்ணன் சொன்னதோடு ஒன்று. சுரத்தை நீட்டுகிற பெடலைக் கோர்ட்டோடு சேர்த்து மிதிக்காமல், கோர்ட் விழுந்த பிறகு மாற்றுங்கள், எதிரொலிக்கிற கோயிலில் சொல் கலங்காது. கறண்ட் போய் வரும்போது பெடலில் கால் இருந்தால் பல கீபோட்டுகளில் பெடல் தலைகீழாக வேலைசெய்யும். காலை எடுத்து, கீபோட்டை நிறுத்தி, மறுபடி போட்டால் சரியாகும்.