பெயர் தெரியாத ஒருவர் செய்த உதவி: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மலர்_ஈரோடு
2017, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால். அப்பாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு மூன்றாவது ராத்திரி. துணைக்கு இருந்தவர்களுக்கு அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நியூஸ் பேப்பரை விரித்துச் சுவரோரம் சுருண்டுகொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் ஒரு அம்மா, நீலக் கோடு போட்ட சென்னிமலைப் போர்வையுடன். அவருடைய வீட்டுக்காரர் உள்ளே ஐசியுவில். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "சுடுதண்ணி எங்கே பிடிச்சீங்க?" என்ற அளவுக்குத்தான்.

விடியற்காலை கண் விழித்தால் அந்தப் போர்வை என் மேல் கிடக்கிறது. அந்த அம்மா இல்லை. காவலாளியிடம் கேட்டேன். "மூணு மணிக்கே பாடியை எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார். புருஷன் செத்துப்போன நேரத்தில், பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது எனக்குப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்திலேயே படுத்திருந்தும் அவர் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உறையூர்வாசி
என்னுடையது ரொம்பச் சின்ன விஷயம். கல்லூரி நாட்களில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து போகும் டவுன் பஸ். கூட்டத்தில் நடத்துநர் வரமாட்டார், காசு ஆறேழு கை மாறித்தான் அவரிடம் போகும். அன்று என்னிடம் ஒரு ரூபாய் குறைந்தது. திட்டினால் இறங்கிக்கொள்ளலாம் என்று, இருந்ததைக் கொடுத்து அனுப்பினேன். டிக்கெட் வந்தது, கூடவே ஐம்பது பைசா மீதியும் வந்தது! நடுவில் யாரோ சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சைதை_ரவி
உறையூர்வாசி, அது நடத்துநர் வேலையாகத்தான் இருக்கும். மாணவன் என்று தெரிந்து விட்டிருப்பார்.

உறையூர்வாசி
எப்படிங்க? கிழித்த டிக்கெட்டுக்குக் கணக்கு இருக்கிறது. காசு குறைந்தால் அவர் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அப்படியே விட்டாலும் மீதி எதற்குக் கொடுப்பார்? எனக்குப் பின்னால் நின்றவர்களில் யாருமில்லை, முன்னால் நின்ற ஆறேழு பேரில் ஒருவர். அது வரைக்கும் எனக்கு நிச்சயம்.

நாற்கரச்சாலை
2012, உளுந்தூர்பேட்டை தாண்டி பைக்கிலிருந்து விழுந்தேன். கார்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் தன் துண்டால் என் தொடையை இறுக்கக் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும் வரை என் தலைக்கு வெயில் படாமல் நின்றார். சைரன் கேட்டதும் ஓடிப்போய் லாரியை எடுத்துவிட்டார். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, நிழல்தான் நினைவிருக்கிறது.

அவர் ஏன் ஓடினார் என்று யோசியுங்கள். கேஸ், சாட்சி, அலைச்சல் என்ற பயம். இன்று அந்தப் பயம் வேண்டாம். உதவி செய்பவரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்றது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134அ பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது, பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. இன்னொன்று: அடிபட்டவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்து எலும்பு நகர்ந்துவிடும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். இதை ஒருவராவது படித்தால் போதும்.

சைதை_ரவி
நல்ல தகவல்தான் சார், ஆனால் இங்கே நடந்ததைத்தானே கேட்டார்கள்?

சரி, எனக்கு நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது, மொட்டை மாடியில் இருந்தோம். பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று பேசிக்கொண்ட நாள். தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்ததும் இறங்கிப் பார்த்தால், கேட் கம்பியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே இரண்டு பால் பாக்கெட், ஒரு மெழுகுவர்த்தி, நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி. வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருப்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? இன்றைக்கும் தெருவில் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று தோன்றுகிறது.

மலர், ஒரு கேள்வி. போர்வையைத் திருப்பிக் கொடுக்க முயன்றீர்களா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் முகவரி இருந்திருக்குமே.

மலர்_ஈரோடு
கேட்டேன் ரவி அண்ணா, தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான்.

முன்பே எழுத நினைத்து விட்டுவிட்டேன். பதினோராம் நாள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு போர்வையைத் துவைக்க எடுத்தேன். மூலையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். வீட்டுக்காரர் பிழைக்க வேண்டும் என்று முடிந்துவைத்த காணிக்கைக் காசு.

உண்டியலில் போட்டுவிடு என்று அம்மா சொன்னார். எந்தச் சாமிக்கு முடிந்தாரோ. இருந்தது போலவே முடிந்து பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பா இப்போது கோலூன்றி நடக்கிறார். மார்கழிக் குளிருக்கு அந்தப் போர்வையைத்தான் கேட்பார்.