74எல்எஸ் (LS), 74எச்சி (HC) ஐசிகளைக் கலந்து மாட்டினா பஸ்ஸில் தப்பான பிட்: மீதி ஐசிக்கு எந்தக் குடும்பம் வாங்க?

தக்கலை:
பிரெட்போர்டில் 8 பிட் கம்ப்யூட்டர். அடுத்த கட்டளையோட முகவரியை எண்ணுற புரோகிராம் கவுண்டர் 74எல்எஸ்161, அதோட அவுட்புட் 74எச்சி245 பஃபர் வழியா பஸ்ஸுக்கு (எல்லா ஐசிக்கும் பொதுவான டேட்டா ஒயர்களுக்கு) போகுது. 5 வோல்ட் மொபைல் சார்ஜர். கிளாக்கை எவ்வளவு மெதுவா வச்சாலும் சில நேரம் 0110க்குப் பதில் 0100 வருது. கவுண்டர் கால்ல எல்இடி சரியாத்தான் எரியுது. என்ன கோளாறு அண்ணாச்சி?

நாகர்கோவில்:
மெதுவா ஓட்டியும் தப்பு வருதுன்னா வேகம் காரணமில்ல தம்பி, வோல்டேஜ். எல்எஸ் ‘1’ கொடுக்கும்போது 5 வோல்ட் வராது. லோடு இல்லாம 3.4 பக்கம் நிக்கும். டேட்டாஷீட் உறுதி சொல்றது 2.7தான். 5 வோல்ட் சப்ளையில எச்சி இன்புட்டுக்கு 3.5 வேணும். அதுக்குக் கீழ இருந்தா ஒரு ஐசி 1-ன்னு எடுக்கும், இன்னொண்ணு 0-ன்னு எடுக்கும்.

எல்இடி எரியறதை நம்பாதீங்க. ரெசிஸ்டர் இல்லாம கிரவுண்டுக்கு மாட்டியிருந்தா அதுவே லெவலை 2 வோல்ட்டுக்கு இழுத்துரும். கிளாக்கை நிறுத்திட்டு, மீட்டரோட கறுப்பு முனையை 245-ன் 10-ம் காலில் வச்சு, 2 முதல் 9 வரை உள்ள கால்களை ஒவ்வொண்ணா அளந்து சொல்லுங்க.

தக்கலை:
எல்இடியோட 2.1. கழற்றினா 3.4.

நாகர்கோவில்:
அதேதான். இப்போதைக்கு எல்இடியைக் கழற்றிட்டு, ஒவ்வொரு எல்எஸ் அவுட்புட்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் (லெவலை மேல இழுக்க) போடுங்க. ‘0’ ஆகும்போது 2.3 மில்லிஆம்ப்தான் ஓடும், எல்எஸ் 8 வரை தாங்கும். நிரந்தரமா வேணும்னா 74எச்சிடி245 (HCT). கால் வரிசை அதேதான், 2 வோல்ட்டையே 1-ன்னு எடுத்துக்கிடும்.

குளச்சல்:
245-ன் 20-க்கும் 10-க்கும் நடுவுலயும் அளந்து பாருங்க. சார்ஜர் ஒயர் மெலிசா இருந்தா கடைசி போர்டில் 4.6 தான் நிக்கும், எல்எஸ்ஸுக்குக் குறைஞ்சது 4.75 வேணும். பவர் ஒயரை ஒவ்வொரு போர்டுக்கும் தனியா இழுங்க. ஐசிக்கு ஒரு 104 செராமிக் கெபாசிட்டர், பவர் கால் பக்கத்துலயே. எச்சியில சும்மா கிடக்குற இன்புட்டை கிரவுண்டிலோ 5 வோல்ட்டிலோ கட்டணும்; எல்எஸ் அதை 1-ன்னு எடுத்துக்கிடும், எச்சி கையைக் கிட்ட கொண்டுபோனாலே மாறும். கடற்கரைப் பக்கம்னா பிரெட்போர்டு கிளிப் உப்புக்காத்துல கறுத்துப்போகும், மூடி வைங்க.

தக்கலை:
ரேம் 62256, ஈஈபிராம் 28சி256 போடப் போறேன். மீதி எல்லாம் எச்சியே வாங்கட்டுமா?

நாகர்கோவில்:
வேண்டாம். அந்த ரெண்டு மெமரியும் ‘1’-க்கு உறுதி தர்றது 2.4 வோல்ட்தான். பஸ்ஸைப் படிக்கிற 245 பஃபர், 574, 273 ரெஜிஸ்டர் எல்லாம் எச்சிடி வாங்குங்க. அதோட அவுட்புட் ஏறக்குறைய முழு 5 வோல்ட் போகும், அதனால பின்னால வர்ற லாஜிக் கேட் ஐசிக்கு எச்சி போதும். எச்சியிலிருந்து எல்எஸ்ஸுக்குப் போறதுல பிரச்சனை இல்ல. ஒரு அவுட்புட் பத்து எல்எஸ் இன்புட்டைத் தாங்கும்.

74ஏசி வேகமா இருக்குன்னு வாங்காதீங்க. அதோட எட்ஜ் (0, 1 மாறுற இடம்) ரொம்பக் கூர்மை, பிரெட்போர்டு கிரவுண்டே குதிச்சு, தேவையில்லாத கிளாக் பல்ஸை உண்டாக்கும். 4000 வரிசை (பழைய சிமாஸ் ஐசி) 5 வோல்ட்டில் மந்தம், லோடும் தாங்காது.

சென்னை ரிச்சி தெருவுல வாங்கினாலும் தபால்ல வரவழைச்சாலும் எச்சிடியில ‘டி’ (T) எழுத்து இருக்கான்னு பாத்துக்கிடுங்க. எச்சின்னு அச்சடிச்சு எல்எஸ்ஸும் கிட்டும். ஐசி 00 (நேண்ட் கேட்) வகைன்னா எல்லா இன்புட்டையும் கிரவுண்டில் கட்டி, சப்ளை ஒயருக்கு நடுவுல மில்லிஆம்ப் மீட்டர் வைங்க. ஒரு மில்லிஆம்ப் பக்கம் காட்டினா அது எல்எஸ், கிட்டத்தட்ட பூஜ்யம்னா எச்சி வகை.