பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர்? வடசென்னை வண்டிகளில் பார்த்ததும் அளந்ததும்

பெரம்பூர்:
பம்ப் தள்ளுற பெட்ரோலோட அழுத்தத்தை அளவா வெக்கிறதுதான் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர். எந்தக் கம்பெனி ரெகுலேட்டர் நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்குப் பதில் வேணும். வண்டி கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுது? டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் பைப் இருக்கா, இருந்தா உள்விட்டம் எத்தனை மில்லி? இது தெரியாம வாங்குற ரெகுலேட்டர், அளவு எடுக்காம தைச்ச சட்டை.

கார்புரேட்டர் வண்டியில அதிகம் மாட்டிக்கிறது இதுதான்: பழைய மெக்கானிக்கல் பம்பை எடுத்துட்டு எலக்ட்ரிக் பம்ப் போடுவாங்க. அது 6, 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) குடுக்கும். வெபர் டிசிஓஇ கார்புரேட்டர் கேக்குறது 3 பிஎஸ்ஐ அளவுதான், எஸ்யூ கார்புரேட்டர்ல அதையும் தாண்டக் கூடாது. அதுக்கு மேல போனா உள்ள இருக்கிற ஃப்ளோட் (மிதவை) எவ்வளவு ஏறினாலும், பெட்ரோல் வழியை மூட வேண்டிய நீடில் வால்வ் உட்காராது. ஐட்லிங்ல பெட்ரோல் வழியும், ப்ளக் கறுக்கும், ஆயில் குச்சியை முகர்ந்தா பெட்ரோல் வாசம் அடிக்கும். இதைப் பார்த்துட்டு ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை) மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஜெட் பாவம், அது என்ன பண்ணும்?

ரெகுலேட்டரோட ரேஞ்சையும் பாருங்க. கார்புரேட்டருக்கே 1–4, 4.5–9 பிஎஸ்ஐன்னு ரெண்டு ரகம் வருது. இரண்டாவதை வாங்கி ஸ்க்ரூவை முழுசாத் தளர்த்தி 3க்கு இறக்கினா, ஸ்ப்ரிங்ல இழுவையே இருக்காது. பிரஷர் கேஜ் முள் ஆடிக்கிட்டே இருக்கும்.

ராயபுரம்:
ரிட்டர்ன் இல்லாத ரெண்டு ஓட்டை மாடல் போதுமா, மூணு ஓட்டை கட்டாயமா?

பெரம்பூர்:
சின்ன பம்புன்னா ரெண்டு ஓட்டை போதும். ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு மூணு ஓட்டைதான் என் ஓட்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி மே மாசம் நின்னா, பைப்புல நிக்கிற பெட்ரோல் கொதிச்சு ஆவியாகும், வண்டி திணறும். ரிட்டர்ன் இருந்தா பெட்ரோல் ஓடிக்கிட்டே இருக்கும், சூடு டேங்குக்குப் போயிடும். ரெண்டு ஓட்டை மாடலை இன்ஜின் ஓடும்போதே செட் பண்ணுங்க. அப்புறம் இன்ஜினை நிறுத்திட்டு பம்பை மட்டும் ஓடவிட்டுப் பாருங்க. அப்போ முள் மெல்ல ஏறினா உள்ள சீட் மூடலைன்னு அர்த்தம். இன்ஜெக்‌ஷன் பம்பை வெச்சுக்கிட்டு கார்புரேட்டருக்கு ரெண்டு ஓட்டை மாடல் போடுற வேலையே வேணாம்.

வியாசர்பாடி:
இன்ஜெக்‌ஷன் பக்கம் நான் சொல்றேன். ரிட்டர்ன் உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் 2.5 அல்லது 3 பார் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ). இந்த எண், இன்ஜினின் மேனிஃபோல்டிலிருந்து (காற்று உள்ளே போகும் குழாய்) ரெகுலேட்டருக்கு வருகிற வேக்கூம் ஓஸைக் கழற்றி, ஓஸின் வாயை அடைத்துவிட்டு அளக்கிற எண். ஓஸ் மாட்டியிருக்கும்போது ஐட்லிங்கில் இறங்கித்தான் ஆகணும். மேனிஃபோல்டில் 0.6 பார் வேக்கூம் இருந்தால், 3 பார் வண்டியின் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 2.4. டர்போ 0.7 பார் தள்ளினால் 3.7. இன்ஜெக்டரின் ரெண்டு முனைக்கும் இடையில் வித்தியாசம் எப்போதும் 3 ஆகவே இருக்கணும், ரெகுலேட்டருக்கு அது ஒன்றுதான் வேலை. ஐட்லிங்கில் 2.4 பார்த்து பம்ப் போச்சுன்னு புதுசு மாட்டின வண்டிகள் உண்டு.

ஓஸைக் கழற்றும்போது அதன் உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் தெரிந்தாலும் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது. வேற டெஸ்ட் தேவையில்லை.

அடுத்தது ரிட்டர்ன் பைப். 150 குதிரைத்திறன் இன்ஜின் முழு த்ராட்டிலில் குடிப்பது மணிக்குச் சுமார் 46 லிட்டர். அதற்கு 255 லிட்டர் பம்ப் போட்டால் முழு வேகத்திலேயே 200 லிட்டருக்கு மேல் திரும்பி வரும், ஐட்லிங்கில் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பும். பழைய 6 மில்லி பைப் அதைத் தாங்காது. ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் 3.6 பாருக்குக் கீழே முள் வராது, வேக்கூம் ஓஸைப் பிடுங்கினாலும் மாட்டினாலும் அசையாது. ரெகுலேட்டர் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், ரிட்டர்னை ரெகுலேட்டர் வாயிலேயே கழற்றி, நீளம் குறைந்த 8 மில்லி ஓஸ் மாட்டி, மூடிய கேனுக்குள் விட்டுப் பாருங்கள். பிரஷர் இறங்கினால் குற்றவாளி பைப். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

இன்ஜின் ஸ்டாக் (கம்பெனி விட்டபடியே) என்றால் அட்ஜஸ்டபிளே வேண்டாம். உடம்பில் பார் அளவு அடித்து வருகிற, தகரம் மடித்து மூடிய ஒரிஜினல் வகைதான் நிம்மதி. திருகுறதுக்கு ஸ்க்ரூ இருந்தா யாராவது திருகிடுவாங்க.

ராயபுரம்:
3 பாரை 3.5 ஆக்கினால் பிக்கப் கூடுமா?

வியாசர்பாடி:
பெட்ரோல் 8 சதவீதம் கூடும், அவ்வளவே. இன்ஜெக்டர் பாய்ச்சல் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 ஆக்கினாலும் 15 சதவீதம்தான். இன்ஜின் கேட்காத பெட்ரோலை ஊற்றினால் புகைதான் கூடும். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) விஷயம் தனி. அதில் ஒரு கிலோ எரிபொருளுக்கு வேண்டிய காற்று 14.7 கிலோவிலிருந்து சுமார் 13.5க்கு இறங்குவதால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேணும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே ஓரளவு சரிக்கட்டும். சென்சாரே இல்லாத பழைய வண்டியில் 3.5 வைப்பதில் நியாயம் இருக்கு. ஆனா காற்று-எரிபொருள் மீட்டர் மாட்டிப் பார்த்துட்டு வையுங்க, காதை நம்பாதீங்க.

திருவொற்றியூர்:
இ20ல இன்னொரு தொல்லை. பழைய நைட்ரைல் டயஃப்ரமும் ஓ-ரிங்கும் உப்பிப்போகும். நைட்ரைல் ரப்பருக்குப் பதிலா வைட்டான் ரப்பர்னு கேட்டு வாங்குங்க. ஓஸும் இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9 எழுத்து இருக்கிறதா பாருங்க. ஆர்7 கார்புரேட்டருக்கு மட்டும்.

ஃபிட்டிங்லதான் இங்க நிறைய கோட்டை விடுறாங்க. இறக்குமதி ரெகுலேட்டரோட கேஜ் ஓட்டை பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்கப் பைப் புரி), இன்ச்சுக்கு 27 புரி. பாரிமுனை ஹார்டுவேர் கடைகள்ல சுலபமாக் கிடைக்கிறது 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் புரி), 28 புரி. ரெண்டு மூணு சுத்து சமத்தா உள்ள போகும், அப்புறம் இறுகும். இறுகிடுச்சுன்னு விட்டா சூட்டுல கசியும், இன்னும் முறுக்கினா அலுமினிய உடம்பு பிளக்கும். ரேஸ் வண்டி ஓஸ்கள்ல வர்ற ஏஎன் ஃபிட்டிங்கோட கோணம் 37 டிகிரி, ஏசி மெக்கானிக் வெச்சிருக்கிற ஃப்ளேர் நட்டு 45. ரெண்டும் கைக்கு ஒண்ணா இருக்கும், சீல் ஆகாது. ஏஎன்ல டஃப்லான் டேப் சுத்தவே கூடாது. என்பிடிலயும் டேப் வேணாம், பெட்ரோல் தாங்குற சீலன்ட் போதும். டேப் நூல் ஒண்ணு பிஞ்சு போய் ரெகுலேட்டர் சீட்ல உட்கார்ந்தா பிரஷர் நிக்காது.

கடற்காத்துல துத்தநாகம் பூசின க்ளாம்ப் சீக்கிரமே வெள்ளை பூத்துடும். ஸ்டெயின்லெஸ் போடுங்க. ரெகுலேட்டர் மேலயே நிக்கிற கிளிசரின் கேஜை, சூடான இன்ஜின்ல நம்பாதீங்க. உள்ள இருக்கிற திரவம் விரிஞ்சு முள்ளைப் பொய் சொல்ல வைக்கும். இன்ஜின் ஆறினப்புறம் அதே கேஜ் வேற எண் காட்டும்.

மாதவரம்:
காலையில நீண்ட நேரம் செல்ஃப் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுதுன்னா, ரெகுலேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. ரெயில்ல கேஜை மாட்டி, பம்பை ஓட்டி நிறுத்துங்க. பிரஷர் சடசடன்னு விழுதா? மறுபடி ஓட்டி, நிறுத்தின அடுத்த நொடியே ரிட்டர்ன் ரப்பர் ஓஸைக் க்ளாம்ப் போட்டு நெரிங்க. இப்போ பிரஷர் நின்னா ரெகுலேட்டர் சீட் கசியுது. நிக்கலைன்னா, அடுத்த முறை பம்ப் பக்கத்து ஓஸை நெரிங்க. அதுல நின்னா, கசியுறது பம்புக்குள்ள பெட்ரோல் திரும்பாம தடுக்கிற செக் வால்வ். ரெண்டுலயும் விழுந்தா இன்ஜெக்டர் சொட்டுது, ரெயிலைத் தூக்கிப் பார்த்துடலாம். ரிட்டர்னை நெரிச்ச நிலையில மட்டும் பம்பை ஓட்டாதீங்க, பிரஷர் எகிறி ஓஸ் பிச்சுக்கும்.

கேஜ் மாட்டக் கழற்றும் முன்னாடி பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானா அணையுற வரை ஓடவிடுங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவ். யூனியனைத் தளர்த்தும்போது மேல ஒரு கந்தைத் துணி. அப்பவும் ஒரு கரண்டி பெட்ரோல் வரும்.