பெடல்போர்ட்: மரமா, அலுமினியமா? மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக எது தாங்கும்?

ஆறுகம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கோப்பாயில் இருக்கிறேன். ஞாயிறு தேவாலயத்தில் கிற்றார் வாசிப்பு, மற்ற நாட்களில் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று மாதத்தில் ஆறேழு நிகழ்ச்சி வரும். கிற்றார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் ஐந்து பொஸ் பெடல்களும், சத்தத்தை ‘வா வா’ என்று வளைக்கும் ஒரு க்ரை பேபி வா பெடலும் வைத்திருக்கிறேன். இதுவரை அவற்றைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுத்தான் கொண்டுபோனேன். போன கிழமை ஒரு மண்டபத்தில் எல்லாவற்றையும் தரையில் அடுக்கிக் கேபிள் பூட்டி முடிக்கும் முன்பே மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிட்டார். முதல் பாட்டின் நடுவில் ஒரு கேபிள் கழன்று கிற்றார் சத்தமே இல்லாமல் போனது. இனி இப்படிப் போக முடியாது.

கனடாவில் இருக்கும் அண்ணா மார்கழியில் வருகிறார். எல்லாப் பெடலையும் ஒன்றாகப் பூட்டி வைக்கும் பெடல்போர்ட் ஒன்று வேண்டும். அவரிடம் சொல்லிப் பெடல்ட்ரெயின் கம்பனியின் அலுமினியப் போர்ட் எடுப்பிக்கலாமா, இல்லை இங்கேயே ஓடாவியிடம் (தச்சரிடம்) மரத்தில் செய்விக்கலாமா? நான் போவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில். வருடத்தில் நாலைந்து தடவை கொழும்புக்கு பஸ்.

பண்ணைக்காற்று:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். என்னுடைய அலுமினியப் போர்ட் பல வருடமாக ஓடுகிறது, ஒரு மூட்டுக்கூட ஆடவில்லை. வெல்டிங் செய்த சட்டம் அது. சட்டங்களுக்கு இடையில் வெளி இருப்பதால் கேபிளைக் கீழால் விடலாம், அடப்டரை அடியில் கட்டலாம், பின்பக்கம் உயர்ந்திருப்பதால் பின்வரிசைப் பெடலையும் சுலபமாக மிதிக்கலாம்.

அளவுதான் முக்கியம். பொஸ் பெடல் ஒன்று 73 மில்லிமீட்டர் அகலம், 129 நீளம். இரண்டு பக்கமும் கேபிள் செருகும் ஜாக் இருப்பதால் தட்டையான பிளக் போட்டாலும் இடையில் 20 மில்லிமீட்டராவது விட வேண்டும். வா 102 மில்லிமீட்டர். ஆறையும் ஒரே வரிசையில் வைத்தால் 567 வரும், அதற்கு 24 அங்குலப் போர்ட் தேவை. மோட்டார் சைக்கிளில் அது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். பெடல்ட்ரெயின் கிளாசிக் ஜூனியர் 18 அங்குலம், ஆழம் பன்னிரண்டரை. அதில் வாவை ஓரமாக வைத்தால், மிச்ச இடத்தில் முன்னால் மூன்றும் பின்னால் இரண்டும் இருக்கும். மரத்தில் செய்தால் மாரி காலத்தில் ஊதிப்போகும். கடற்கரைக் காற்றில் வாழ்கிற எங்களுக்கு அலுமினியம்தான் சரி.

வடமராட்சியான்:
அண்ணை, அளவு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். மரம் ஊதும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஊதுவது மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. நல்ல மரைன் பிளைவூட் எடுத்து, வெட்டின விளிம்புகளுக்கு மூன்று கோட் வார்னிஷ் அடித்தால் ஒன்றும் ஆகாது. எனது போர்ட் பருத்தித்துறையில் கடலுக்கு நூறு யார் தூரத்தில் இருக்கிறது. நாலு மாரி கண்டுவிட்டது.

பாரம் என்று பயப்படவும் தேவையில்லை. நீங்கள் சொன்ன அளவில் 12 மில்லிமீட்டர் பிளைவூட் ஒரு கிலோ அளவில்தான் வரும். கீழே சட்டம் அடித்தாலும் ஒன்றரையைத் தாண்டாது. பெடல்களே நாலு கிலோவுக்குக் கிட்ட வரும்போது இந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியாது.

அலுமினியப் போர்ட்டில் பெடலை வெல்க்ரோவால்தான் ஒட்டுவார்கள், பெரிய பிரச்சினை அதுதான். பொஸ் பெடலின் அடியில் ரப்பர் விரிப்பு இருக்கிறது, அதில் பசை ஒழுங்காகப் பிடிக்காது. சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்தால் பசை இளகி, பெடலை இழுத்தால் வெல்க்ரோ போர்ட்டோடு நின்றுவிடும். ரப்பரை உரித்துவிட்டு ஒட்டலாம், ஆனால் பிறகு விற்கும்போது விலை குறையும். மரமென்றால் வெல்க்ரோவே வேண்டாம். பழைய சைக்கிள் செயினில் ஒரு கண்ணியைக் கழற்றி, ஒரு துளையைப் பெடலின் அடித்தட்டு ஸ்குரூ ஆணியோடும் மற்றத் துளையைப் பலகையோடும் பூட்டுங்கள். ஒரு பெடலுக்கு இரண்டு கண்ணி போதும். போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. அலுமினியச் சட்டத்தில் இதைச் செய்ய, துளை போட்டு நட் பூட்ட வேண்டும். வாசிப்பு நாளில் பெடலின் இடத்தை மாற்ற நினைத்தால் என்ன செய்வீர்கள்?

பண்ணைக்காற்று:
இடம் மாற்றுவது வெல்க்ரோவில்தான் சுலபம் தம்பி. ஆணி பூட்டின பெடலை மேடையில் ஸ்குரூ டிரைவர் வைத்துக் கழற்றிக்கொண்டு இருப்பீர்களா? ரப்பருக்கு மேல் ஒட்டுவது பிழை என்பது உண்மை, அதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது நான் வெல்க்ரோவுக்கு மேலால் பெடலையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு கேபிள் டை போடுகிறேன். பலகையில் கேபிள் டை போட இடமேது?

சுன்னாகம் பேஸ்:
நீங்கள் இரண்டு பேரும் போர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மின்சாரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தம்பி, அண்ணா போர்ட்டோடு சேர்த்துப் பவர் சப்ளையும் கொண்டுவந்தால் முதலில் அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் செருகின உடனே புகைதான். எனக்குத் தெரிந்த ஒருவரின் புதுச் சப்ளை திருவிழா மேடையில் முதல் நாளே போனது. அன்று முழுக்க அவர் எஃபெக்ட் இல்லாமல் வாசித்தார்.

அடுத்தது இரைச்சல். ஒரே அடப்டரில் சங்கிலி வயர் போட்டு ஆறு பெடலுக்கும் கொடுத்தால், டிலே (எதிரொலி) போன்ற டிஜிட்டல் பெடல் இருக்கும் இடத்தில் மெல்லிய ஊளைச் சத்தம் வரலாம். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனை மிதித்தால் அது பெருத்துக் கேட்கும். பெடல்களுக்குக் கரன்ட் கொடுக்கும் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த சப்ளை எடுங்கள். போர்ட்டில் மிச்சம் பிடிக்கும் காசை அங்கே போடுங்கள்.

உண்மையில் கேட்டால், நான் போர்ட்டே வேண்டாம் என்பேன். எல்லா எஃபெக்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மல்டி எஃபெக்ட் யூனிட் ஒன்று போதும். ஸூம் ஜி1 ஃபோர் நான்கு ஏஏ பற்றரியில் ஓடும், கரன்ட் போனாலும் நிற்காது.

ஆறுகம்பி:
சுன்னாகம் அண்ணை, மல்டி யூனிட் முன்பு வைத்திருந்தேன். பாட்டின் நடுவில் டிலேயின் வேகத்தை மாற்ற மெனுவுக்குள் போக வேண்டியிருந்தது, அது எனக்குச் சரிவரவில்லை. குமிழைக் குனிந்து திருப்புகிற பழக்கம் வந்துவிட்டது. வோல்ட் விஷயத்தை அண்ணாவுக்கு இன்றே எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது பை போதுமா, பெட்டி வேண்டுமா?

பண்ணைக்காற்று:
மோட்டார் சைக்கிளுக்குத் தோளில் கொழுவுகிற பைதான், மழைக்கு மேலுறை கட்டாயம். பஸ்ஸுக்குப் பெட்டி. டிக்கியில் உங்கள் போர்ட்டுக்கு மேல் யாரோ ஒரு மூட்டை பனங்கிழங்கை வைப்பார்கள், மென்பை அதைத் தாங்காது. குமிழ்கள்தான் முதலில் முறியும்.

வடமராட்சியான்:
இதில் அண்ணை சொல்வது சரி. ஆனால் பெட்டியும் ஓடாவி செய்வார். போர்ட்டே பெட்டியின் அடித்தட்டாக இருக்கும்படி செய்து, மேல் மூடியைக் கொளுக்கியில் பூட்டிக் கழற்றலாம். மோட்டார் சைக்கிளில் போகும் நாளில் மூடியை வீட்டில் விட்டுவிடலாம். கடையில் வாங்கும் போர்ட்டுக்கு இப்படி அளவெடுத்த மூடி இங்கே எங்கே கிடைக்கும்? ஆணிகள் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதாரண ஆணி உப்புக் காற்றில் ஒரு வருடத்தில் துருப்பிடிக்கும்.

பண்ணைக்காற்று:
மூடி யோசனை நல்லது, மறுக்கவில்லை. அலுமினியம்தான் என்ற என் கருத்து மாறவில்லை. தச்சு வேலை மூலை பிசகினால் ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும். யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆறுகம்பி:
நேற்று இரவு ஒரு காட்போர்ட் மட்டையை 18க்குப் பன்னிரண்டரை அங்குலமாக வெட்டி, பெடல்களை அடுக்கிப் பார்த்தேன். பண்ணை அண்ணை சொன்னபடியே ஆறும் அமைந்தன. ஆனால் வாவை வலது ஓரத்தில் வைத்தால்தான் என் கால் நிதானமாக நிற்கிறது. அந்த மட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கோப்பாய்ச் சந்திவரை மோட்டார் சைக்கிள் ஓடிப் பார்த்தேன், இடைஞ்சல் இல்லை.

இப்போதைக்கு மரத்தில் செய்விக்கிறேன், மூடியோடு. பவர் சப்ளை மட்டும் அண்ணா கொண்டுவரட்டும். க்ரை பேபியை எப்படிப் பூட்டுவது? அதை மிதிக்கிற மிதியில் செயின் கண்ணி தாங்குமா?

வடமராட்சியான்:
அதற்குக் கண்ணி வேண்டாம். வாவின் நாலு ரப்பர் கால்களும் ஆணியால் பூட்டியவை. அவற்றைக் கழற்றி, அதே துளைகளுக்கு நேராகப் பலகையைத் துளைத்து, நீளமான ஆணியைக் கீழிருந்து ஏற்றுங்கள். ஆணியின் புரி ஒத்துப்போக வேண்டும், பழைய ஆணியைக் கையில் கொண்டுபோய்க் கடையில் அளந்து வாங்குங்கள். சனிக்கிழமை பின்னேரம் நெல்லியடிப் பக்கம் வந்தால் செயின் கண்ணி பத்து நான் தருகிறேன். கழற்றின ரப்பர் கால்களைத் தொலைத்துவிடாதீர்கள்.