சினாப்ஸ்: நரம்பிணைப்பா, தொடுவாயா, தொடுமுகமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூளை நூலின் வரைவில் சினாப்ஸ் (ஒரு நியூரான், அதாவது நரம்புச்செல், அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் இடம்) வருமிடமெல்லாம் 'நரம்பிணைப்பு' என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும் என்கிறேன்.

முதலாவது, அங்கே இணைப்பே இல்லை. வேதிப்பொருளால் செய்தி கடத்தும் வேதிவழி சினாப்ஸில் இரு செல்களுக்கும் நடுவே ஏறக்குறைய 20 நானோமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு நியூரானும் தனிச்செல் என்று ஸ்பானிய ஆய்வாளர் காகால் வாதாடினார். எல்லாம் ஒரே வலை என்றார் இத்தாலிய ஆய்வாளர் கோல்கி. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள், அந்த மேடையிலும் கோல்கி தம் கட்சியை விடவில்லை. 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இடைவெளி கண்ணில் பட்ட பிறகுதான் வழக்கு முடிந்தது. நாமோ தோற்ற கட்சியின் கொள்கையைப் பெயராக வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, 'நரம்பு'. பேச்சு வழக்கில் நரம்பு ஊசி என்றால் சிரையில் போடும் ஊசி. இலைக்கும் நரம்பு உண்டு, யாழுக்கும் உண்டு. உடற்கூற்றியலில் நரம்பு என்பது ஆக்சான்களின், அதாவது நியூரான்களின் நீண்ட இழைகளின், கட்டு. சினாப்ஸோ செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலானது. அறுந்த நரம்பைத் தைத்துச் சேர்க்கிறார்களே, அந்த அறுவைக்கு நரம்பிணைப்பு நல்ல பெயர். அதற்கே விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு: தொடுவாய். கணவாய், மடைவாய் போல. தொடுவானம் மண்ணைத் தொடுவதாகத் தெரியும், தொடாது. இதுவும் அப்படித்தான். சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது.

----

> என் முன்மொழிவு: தொடுவாய்.

தொடுவானம் உவமை அழகு. ஆனால் 'நீ தொடுவாய்' என்று வினைமுற்றாகவும் படிக்கலாமே. 'பின்தொடுவாய்' என்று எழுதிப் பாருங்கள், யாரையோ பின்தொடரச் சொல்வதுபோல் கேட்கிறது.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் போதாது, அதிலிருந்து கிளைச்சொல் பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலச்சொல்லே அந்தச் சோதனையில் தேறி வந்ததுதான். 1897இல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலுக்காக எழுதியபோது ஆங்கிலேய உடலியங்கியலார் ஷெரிங்டன் முதலில் நினைத்தது 'சின்டெஸ்ம்'. கேம்பிரிட்ஜ் கிரேக்க அறிஞர் வெரல்தான் 'சினாப்ஸ்' என்றார். பெயரடை ஆக்கும்போது அதுவே நன்றாக வரும் என்பது காரணம். நமக்கும் முன், பின், இடைவெளி, நெகிழ்மை எல்லாம் ஒட்ட வேண்டும்.

'அணைவு' என்று சொல்லலாம் என நினைத்தேன். கிரேக்க வேரின் பொருளுக்கு அதுவே மிக நெருக்கம். ஆனால் வேதியியலார் அணைவுச் சேர்மத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

----

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செல் எங்களுக்குக் கலம். அதை இங்கே கிளறவில்லை. ஆனால் இடைவெளியை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. மின்வழி சினாப்ஸில் இடைவெளி 20 அல்ல, 3.5 நானோமீட்டர் அளவுதான். அதையும் குறுக்கே கடந்து புரதக் கால்வாய்கள் இரு கலங்களின் உள்ளீட்டையும் சேர்த்துவிடுகின்றன. அயன்கள் நேரே போகும். அங்கே கோல்கிக்குப் பாதி வெற்றி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆகவே இடைவெளி உண்டு என்றோ இல்லை என்றோ பெயர் அடித்துச் சொல்லக்கூடாது.

'துறை' பார்த்தேன்: இரு கரை, நடுவே நீர், சரக்கு ஏற்றிய தோணி. வேதிவழிக்கு அப்படியே பொருந்தும். ஆனால் 'நரம்பியல் துறை' ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருக்கிறது!

வாயை முகமாக்குங்கள். தொடுமுகம். கழிமுகம், துறைமுகம் வரிசையில் வரும். கணினியார் இடைமுகம் என்கிறார்கள். வினைமுற்றுக் குழப்பமும் போய்விடும்.

----

தொடுமுகம் எனக்குச் சம்மதம். முகம் இரண்டு இருப்பதால் பிரித்துச் சொல்லவும் எளிது: வேதிப்பொருளை விடும் பக்கம் விடுமுகம், ஏற்கும் பக்கம் ஏற்புமுகம்.

----

> விடுமுகம், ஏற்புமுகம்

கவர்ச்சியான சொற்கள், ஆனால் தவறாகப் போகும். விடும் பக்கத்துச் சவ்விலும் ஏற்பிகள் (வேதிப்பொருள் வந்து பிணையும் புரதங்கள்) உண்டு; தான் விட்டதைத் தானே உணர்ந்து அளவைக் குறைத்துக்கொள்ளும். எண்டோகன்னாபினாய்டுகள் (உடலே உண்டாக்கும், கஞ்சாப் பொருள் போன்ற வேதிப்பொருள்கள்) ஏற்கும் பின்பக்கத்திலிருந்து விடும் முன்பக்கத்துக்குத் தலைகீழாகப் போகின்றன. மின்வழியில் பெரும்பாலும் இருதிசைப் போக்குவரத்து. முன்முகம், பின்முகம் என்றே வைப்போம். இடத்தை மட்டும் சொல்லும், வேலையைச் சொல்லாது.

வரைவின் ஒரு பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

"செயல்நிலை மின்னழுத்தம் எனும் மின்துடிப்பு ஆக்சான் முனையை எட்டியதும் முன்முகச் சவ்வின் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய, சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள் சவ்வோடு கலந்து அசிட்டைல்கோலின் எனும் வேதிப்பொருளைத் தொடுமுக இடைவெளியில் கொட்டுகின்றன. அது பரவிச் சென்று பின்முக ஏற்பிகளில் பிணைகிறது. கால்சியம் நுழைவதிலிருந்து பின்முகம் துலங்குவதுவரை ஏறத்தாழ அரை மில்லிநொடி. எஞ்சியதை அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் எனும் நொதி சிதைத்துவிடுகிறது. பாட்டுலின நச்சு நுண்பை கலப்பதைத் தடுப்பதால் முன்முகத்தில் தாக்குகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் எனும் தசைத்தளர்ச்சி நோயில் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் பின்முக ஏற்பிகளைத் தாக்குகின்றன. இரண்டிலும் தசை தளர்கிறது, கோளாறு இருக்கும் கரைதான் வேறு."

தடுக்காமல் ஓடுகிறது. கடைசி வாக்கியத்தில் 'கரை' தானாக வந்துவிட்டது. துறை சொன்னவருக்கு வணக்கம்.

மேலும் சில: மின்தொடுமுகம், வேதித்தொடுமுகம், தொடுமுக நெகிழ்மை. வளரும் மூளை மிகையான தொடுமுகங்களைக் களைவதற்குக் 'கவாத்து' என்றே எழுதலாம். தோட்டக்காரர் சொல், விளக்கம் வேண்டாம். நரம்புத்தசைச் சந்தி மட்டும் மாற வேண்டியதில்லை, அதுவும் ஒரு தொடுமுகமே என்று ஒருமுறை சொன்னால் போதும். நியூரானும் ஆக்சானும் அப்படியே இருக்கட்டும். முதல் வருகையில் 'சினாப்ஸ் எனும் தொடுமுகம்'.

ஒன்று பாக்கி. ஆக்சான் நுனியின் வீக்கத்தைக் 'குமிழ்' என்றும் உள்ளேயிருக்கும் பையைக் 'குமிழி' என்றும் வரைவில் கலந்து எழுதியிருக்கிறது. ஓர் இகரத்தில் பல மடங்கு வேறுபாட்டை மாணவர் தேட வேண்டியதில்லை. பை எல்லா இடத்திலும் நுண்பை. நான்காம் படத்தின் குறியீடுகளிலும் மாற்ற வேண்டும்.