பிரிவும் ஊர் மாற்றமும் சேர்ந்து வருகிறது: 14 வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

சுபா_ஒயிட்ஃபீல்டு:
நானும் கணவரும் பிரிகிறோம். ஏப்ரலில் பையனோடு கோவையிலிருந்து பெங்களூருக்கு வருகிறேன். சிபிஎஸ்இ, அடுத்து 9ம் வகுப்பு, தமிழ் எடுத்திருக்கிறான். இன்னும் சொல்லவில்லை. ஆனால் மோப்பம் பிடித்துவிட்டான், ராத்திரி 2 மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். யாரோடு இருக்கணும் என்று அவனையே கேட்கலாமா?

அல்சூர்வாசி:
கேட்காதீங்க. எந்தப் பதில் சொன்னாலும் ஒருத்தரைக் கைவிட்ட மாதிரி அவனுக்குத் தோணும். எந்த ரூம், எந்த வாரம் கோவை போறான், இதையெல்லாம் அவன் முடிவு பண்ணட்டும்.

ரெண்டு பேரும் சேர்ந்து, லீவு நாள் காலையில சொல்லுங்க. ராத்திரி சொன்னா தூக்கம் போச்சு. 15 நிமிஷம் போதும்: எங்க இருப்பான், எந்த ஸ்கூல், அப்பாவை எந்தெந்த நாள் பார்ப்பான். யார் மேல தப்புங்கிற பஞ்சாயத்து அங்க வேண்டாம். "எதுவும் மாறாது"ன்னும் சொல்லாதீங்க, அது பொய்னு அவனுக்கே தெரியும். "சரி"ன்னு எழுந்து போயிட்டா ஏத்துக்கிட்டான்னு அர்த்தமில்ல. கேள்வியெல்லாம் நாலு நாள் கழிச்சு, பெரும்பாலும் வண்டியில போறப்ப வரும். முக்கியமா, "பணம் எப்போ வரும்னு அப்பாகிட்ட கேளு"ங்கிற தூது வேலை அவனுக்கு வேண்டவே வேண்டாம்.

கோர்ட்_பக்கம்:
பையன் யார் பொறுப்பில் என்பது வழக்கானால், 1890ம் வருட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் பிரிவு 17(3)ன்படி, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கணக்கில் எடுக்கலாம். அதற்காக வீட்டில் ஒத்திகை பார்க்காதீர்கள். சொல்லிக்கொடுத்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஜெயநகர்_டீச்சர்:
ஸ்கூலை இப்பவே பாருங்க. 9ல எடுத்த பாடங்களைத்தான் 10லயும் தொடரணும், 10ல ஸ்கூல் மாத்தினா போர்டு அனுமதி வேணும். அதனால 9 தொடக்கத்துல மாறுறது நல்லதுதான். தமிழ் (கோடு 006) போர்டுல இருக்கு, ஆனா இங்க எல்லா ஸ்கூல்லயும் தமிழ் டீச்சர் கிடையாது. அட்மிஷனுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. வீட்டு விஷயத்தை கிளாஸ் டீச்சருக்கு மட்டும் ரெண்டு வரியில சொன்னா போதும்.

அல்சூர்வாசி:
போனைப் பிடுங்காதீங்க, பழைய நண்பர்கள் அதுலதான் இருக்காங்க. ராத்திரி 10:30க்கு மேல சார்ஜர் ஹால்ல இருக்கட்டும், உங்க போனும் சேர்த்து. சாப்பாடு, தூக்கம், படிப்பு மூணும் ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்குப் பேசுங்க. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். இங்க நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில குழந்தைங்க, வளரிளம் பருவத்தினருக்குன்னே பிரிவு இருக்கு. "நான் இல்லாட்டி நல்லது"ங்கிற மாதிரி பேசினா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஆமான்னா தனியா விடாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.